கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, அம்மாவின் முழங்கால் வலி மூவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சளி, காய்ச்சல் எதுவும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். குட்டிக்கு முன்பல் இரண்டும் விழுந்த படம் வந்தது, கடையில் சமையல்காரர் தொடங்கி பால்காரர் வரை எல்லாரிடமும் காட்டியாகிவிட்டது, அம்மாவுக்குக் கடைசியாகக் காட்டினேன் என்று அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திடீரென்று என்ன கடிதம், ஃபோனில் பேசினால் ஆகாதா என்று நீ கேட்பாய். ஃபோனில் என்றால் நான் ஏதாவது வேடிக்கை பேசி நழுவிவிடுவேன், அது உனக்கே தெரியும். இந்த விஷயத்தில் நழுவக் கூடாது என்றுதான் பேனாவை எடுத்தேன்.

உணவகம், மதுக்கடை எதற்குள்ளும் இனி யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது என்று நகரசபை சட்டம் கொண்டுவரப் பார்க்கிறது என்று சொன்னேன் அல்லவா, அதற்காகப் போன வாரம் கடைக்காரர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டார்கள். கடைக்காரர் சங்கத்தின் சார்பில் பேச என்னைத்தான் அனுப்பினார்கள், மைக்கைக் கண்டால் நான் விடமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். நானும் வெளுத்து வாங்கினேன். பிடிக்கிறவர் பிடிக்கட்டும், புகை ஆகாதவர் வேறு கடைக்குப் போகட்டும், என் கடைக்குள் நகரசபை ஏன் மூக்கை நுழைக்கிறது என்று கேட்டேன். அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் சாட்சிக்கு நம் எட்டுத்தட்டு மாமாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். இவர் இருபத்துநாலு வருஷமாக என் கடையின் பின்னறையில், சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு நடுவிலேயே பரிமாறுகிறார், இவர் ஒரு சிகரெட்டைத் தொட்டதில்லை, ஒரே நடையில் எட்டுத் தட்டு கொண்டுவருவார், ஊரே அந்தப் பெயரில்தான் கூப்பிடுகிறது, ஆளைப் பாருங்கள், என்ன குறைந்துபோய்விட்டார் என்று மார்தட்டினேன்.

உனக்கு உண்மையைச் சொல்கிறேன். மாமா எட்டுத் தட்டு தூக்கி இரண்டு வருஷமாகிறது. இப்போது மூன்றுதான், அதையும் பாதி வழியில் ஒரு மேசையில் வைத்துவிட்டு, விரிப்பைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்றுதான் எடுத்துப் போகிறார். கூட்டம் நடந்தது மாடியில். படி திரும்புகிற இடத்தில், நீங்க போங்க முதலாளி, ஷூ கயிறைக் கட்டிட்டு வந்துடுறேன் என்று குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அவர் ஷூவில் கயிறே கிடையாது, அது சும்மா காலை நுழைக்கிற ஷூ. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி மேலே ஏறிப் போனேன். அப்புறம் கூட்டத்தில் ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருவர் எழுந்து, சாப்பிட வர்றவரு வேற கடைக்குப் போயிடலாம், பரிமாறுறவரு எங்க போவாரு என்று கேட்டார். அந்த நர்ஸே மாமா பக்கம் திரும்பி, உங்களுக்கு மூச்சு வாங்குதாங்க, மறைக்காம சொல்லுங்க என்றார். மாமா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, அதெல்லாம் இல்லைங்க, நல்லாத்தான் இருக்கேன் என்றார். எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். முடிவு எடுக்க இந்த வியாழக்கிழமை மறுபடி கூடுவதாகச் சொல்லிக் கலைந்தோம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமலே, அந்த மனுஷனைப் பொய் சொல்ல வச்சுட்டு வந்து நிக்கிறீங்க, அதுல இளிப்பு வேற என்றாள். நான் எங்கே சொல்ல வைத்தேன், அவராகத்தானே சொன்னார் என்று சப்பைக்கட்டு கட்டினேன். அப்படின்னா இத்தனை வருஷமா அவரு மட்டும் ஏன் பின்னறைல நிக்கிறாரு என்று கேட்டாள். அந்த ஏற்பாட்டைச் செய்தது நான், அதுவும் ரொம்ப நியாயமான ஏற்பாடு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறவரைப் பின்னறைக்கு அனுப்பக் கூடாது, சட்டையில் புகை வாடையோடு போய்க் குழந்தையைத் தூக்குவார் என்று முதலில் பரிமாறுகிறவர் ஒருவரை விலக்கினேன். அடுத்தவருக்குக் குழந்தை பிறந்தது, அவரையும் விலக்கினேன். இப்படி ஒவ்வொருவராக முன்பக்கம் வந்துவிட்டார்கள். மாமாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால் அந்த அறையை மொத்தமாக அவர் தலையில் கட்டிவிட்டேன். உங்களுக்குச் சம்மதமா என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. பிள்ளை இல்லாத மனுஷனுக்கு நெஞ்சும் இல்லையென்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது.

மறுநாள் காலை கடை திறக்கும் முன்னே அவரும் நானும் முன்மேசையில் உட்கார்ந்து துடைக்கிற துணிகளை மடித்துக்கொண்டிருந்தோம். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். இவ்ளோ பேரு முன்னாடி உங்களை விட்டுக்கொடுக்க மனசு வரலை முதலாளி என்றார். அப்புறம்தான் சொன்னார், அந்த அறையை விட்டு வெளியே வந்துடுங்கன்னு டாக்டர் நாலு மாசம் முன்னாடியே சொல்லிட்டாரு, நெஞ்சுப் படத்தைப் பார்த்துட்டு அவரு முகமே சரியில்லை என்று. என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் வரவேண்டிய கோபமோ. அவர் கோபப்படவே இல்லை. மடித்த துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே, பாப்பாவை நீங்க அந்த அறையோட கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கமேதான் நிறுத்துவீங்க, உள்ள ஒரு அடி வைக்க விட்டதில்லை, அது நல்ல காத்து இல்லைன்னு உங்களுக்கு அப்பவே தெரியும் முதலாளி, எனக்கும் தெரியும் என்றார். அவ்வளவுதான் சொன்னார், எழுந்து உப்புச் சீசாக்களை நிரப்பப் போய்விட்டார்.

மகளே, உனக்கு அப்போது எட்டு வயது. பள்ளி விட்டால் நேரே கடைக்கு வந்து முன்மேசையில் வீட்டுப்பாடம் எழுதுவாய், கொஞ்ச நேரத்தில் கதவில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பாய், மாமா உள்ளேயிருந்து உனக்கு முகத்தைக் கோணிக் காட்டுவார். ஒரு நாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியதற்கு உன்னை அடித்தும்விட்டேன். ஊரை விட்டுக் கிளம்பும்போது, உங்க கடைல எனக்குன்னு ஒரு இடம் இருந்ததே இல்லைப்பா என்று நீ சொன்னதும் நான் சிரித்து மழுப்பியதும் நினைவிருக்கிறதா. உன்னை வேண்டாம் என்று நிறுத்தவில்லையம்மா. அந்தப் புகை பிள்ளைக்கு ஆகாது என்று தெரிந்துதான் நிறுத்தினேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று இப்போது யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாதபடி அந்த அடியே எனக்கு எதிர்ச்சாட்சியாக நிற்கிறது.

பின்னறையை நேற்றோடு மூடிவிட்டேன். பழைய வாடிக்கையாளர்களுக்குக் கோபம், ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் என்னைக் கட்சி மாறி என்று திட்டிவிட்டு, வாசலில் நின்று ஒரு சிகரெட்டை முடித்துவிட்டு, உள்ளே வந்து வழக்கம்போல சூப் கேட்டார். வியாழக்கிழமை கூட்டத்தில் நான் போன தடவை சொன்னதையெல்லாம் திரும்பப் பெற வேண்டும். நீங்கள் வர வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன் என்று மாமாவிடம் சொன்னேன், நான் சொன்ன பொய்யை நீங்க எப்படி வாபஸ் வாங்குவீங்க, நானும் வர்றேன் என்கிறார். அதனால் இன்று காலை சங்கச் செயலாளருக்கு ஃபோன் செய்து, நகரசபையில் பேசிக் கூட்டத்தைக் கீழே வைக்க ஏற்பாடு செய்யுங்கள் என்றேன். எதுக்குங்க, மாடி ஹால்தானே வசதி என்றார். என் ஆளால் படி ஏற முடியாது என்றேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, மாப்பிள்ளையும் அப்படித்தான் என்று கேள்வி. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், குட்டிக்கு என் முத்தம். ஒன்றை மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை எட்டுத்தட்டு மாமாவுக்கு ஃபோன் செய், நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். நீ படபடவென்று பேசுகிறவள், அன்றைக்கு மட்டும் நிதானமாகப் பேசு. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க அவருக்கு இப்போது நேரமாகிறது, அதுவரை காத்திரு.

இப்படிக்கு,
உன்னைக் கதவுக்கு இந்தப் பக்கம் நிறுத்திய
அப்பா