பாப்பாவைக் குளிப்பாட்டாத நான்கு நாள்

நவம்பர் 12, செவ்வாய்.

இன்று நர்ஸ் அக்கா தேயிலை எஸ்டேட்டில் எங்கள் லைன் வீட்டுக்கு வந்து பாப்பாவை எடை போட்டார்.

"தூக்கம் வருதா கண்ணு? மனசுக்கு ஏதாச்சும் பண்ணுதா?"

"நல்லாத்தான் இருக்கேனுங்க."

பொய் சொன்னேன். பாப்பாவைக் காலில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால், அப்படியே கவிழ்த்துவிடு என்று மனம் சொல்கிறது. அதனால் நான்கு நாளாக ஈரத்துணியால் துடைப்பதோடு சரி.

உண்மையைச் சொல்லப் பயம். எஸ்டேட்டின் மேல் டிவிஷனில் பிள்ளையைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டவளை, பிரசவத்துக்குப் பின் அவளுக்குப் புத்தி சரியில்லை என்று புருஷன் கெஞ்சியும், கொலை கேஸில்தான் கொண்டுபோனார்கள். நினைப்புக்கும் கேஸ் உண்டோ என்னவோ.

கிளம்பும்போது அக்கா பாப்பாவின் கழுத்து மடிப்பை விரித்து அழுக்கைப் பார்த்தார். என்னையும் பார்த்தார்.

"நாளைக்கு நானே வந்து குளிப்பாட்டி உடறேன் கண்ணு."

வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட். அக்கா வரும்வரை பாப்பாவோடு நான் மட்டும்தான்.