எஞ்சின் சூடு

நவ. 26, செவ்வாய்

காலையிலிருந்தே மூட்டம். கரண்ட் போவதற்குள் மாவு அரைத்தாயிற்று. வாங்க வேண்டியது: மெழுகுவத்தி, பால் பவுடர், மஞ்சுவுக்கு பிஸ்கட்.

மஞ்சுவுக்கு இந்த மாதம் சூட்டுப் பைத்தியம். காலையில் தோசைக்கல் இறக்கிய அடுப்போரம். அப்புறம் செட்டாப் பாக்ஸ் மேல். மதியம் மாடிப்படிக்கு அடியில் இன்வெர்ட்டர். சாயங்காலம் இவர் திருமுடிவாக்கம் கம்பெனியிலிருந்து வந்து காரை நிறுத்தியதும் பானெட். நித்யா காலேஜ் படிக்கும்போது ஸ்டேஷன் படிக்கட்டிலிருந்து தூக்கி வந்த பூனை. அவள் புனேவுக்கு வேலைக்குப் போய்விட்டாள், பூனை எங்கள் தலையில். இப்போது மகள் இல்லாமல்கூட இருந்துவிடுவேன் போலிருக்கிறது. இதை அவளிடம் சொல்லக் கூடாது.

பூனை டாக்டருக்கு போன். "வயசாயிடுச்சு மேடம். நமக்கு இதமா இருக்கறதே அதுக்குக் குளிரு. உடம்புல சூடு நிக்கல, அதான் வெளியில தேடுது. விரட்டாதீங்க."

விரட்டவில்லை. என் போர்வையையும் கொடுத்தாயிற்று.

நவ. 27, புதன்

ராத்திரி முழுக்க மழை. ஏரி நிரம்பிவிட்டதாம். போன தடவை ஹாலுக்குள் தண்ணீர் வந்தது மறக்கவில்லை, அதனால் காலையிலேயே வேலையை ஆரம்பித்துவிட்டோம். இன்வெர்ட்டரைக் கழற்றி மேஜை மேல். ஃப்ரிட்ஜ் ஆஃப், நாலு செங்கல் மேல். செட்டாப் பாக்ஸ் பரணில். கேஸ் சிலிண்டர் மாடியில். முதுகு விட்டுப் போயிற்று. அதற்கப்புறம் இவர் லீவு கிடைக்காமல் கம்பெனிக்கு.

மஞ்சு ஒவ்வொரு இடமாகப் போய் முகர்ந்து பார்த்தது. எல்லாம் ஜில்லென்று. என் காலைச் சுற்றியது. கையில் அரிசி மூட்டை, "போடி அந்தப் பக்கம்" என்றேன்.

இவர் வந்து காரை நிறுத்தி, சட்டையைக்கூட மாற்றவில்லை. எதிர் வீட்டு சேகர் குடையோடு கேட்டில்.

"சார், மேடவாக்கம் பாலத்துல எடம் ரொம்பிட்டே இருக்காம். நான் கெளம்பறேன், நீங்களும் எடுங்க. ஆட்டோ புடிச்சு ரெண்டு பேரும் திரும்பிடலாம்."

மழை எச்சரிக்கை வந்தால் எங்கள் தெருக் கார்கள் எல்லாம் தண்ணீர் ஏறாத மேம்பாலத்துக்குத்தான். டிபன் அப்புறம், முதலில் காரைப் பாருங்கள் என்று நானும் விரட்டினேன். நனைந்துகொண்டு திரும்பி வந்தார்.

மஞ்சு சாப்பிட வரவில்லை. மாடியில் எங்காவது இருக்கும்.

நவ. 28, வியாழன்

தெருவில் முழங்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. மஞ்சுவைத் தேடினோம். பீரோ, பரண், மொட்டை மாடி, துவைக்கிற மெஷின் உள்ளே. இல்லை.

இவர் தலை துவட்டிக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாக, "நேத்து நான் வண்டி எடுக்கும்போது பானெட்டத் தட்டினேனா?"

தினமும் காலையில் தட்டுவார். மஞ்சு எஞ்சினுக்குள் ஏறிப் படுத்திருந்தால் குதித்து ஓடட்டும் என்று. நேற்று எடுத்தது சாயங்காலம் ஆயிற்றே. வந்து நிறுத்திய வண்டி, அரை மணிகூட ஆகவில்லை. வீட்டில் அது ஒன்றுதான் சூடாக இருந்தது.

"தட்டல இல்ல?" என்றார் மறுபடி.

நான் போனை எடுத்தேன். ஆட்டோவுக்குப் போன் மேல் போன். "மேடம், எங்க வூட்லயே தண்ணி. வண்டி வராது." இவர் நடந்தே போகிறேன் என்று கிளம்பினார், முனையில் இடுப்பளவு, திரும்பிவிட்டார். எஞ்சினில் ஓடுகிற பெல்ட் பற்றி நினைக்கக் கூடாது என்று நினைத்து நினைத்து அதையேதான் நினைத்தேன்.

நித்யா போன். "மஞ்சுவக் காட்டும்மா." தூங்குது என்றேன்.

நவ. 29, வெள்ளி

தூறல். தண்ணீர் கணுக்காலுக்கு வடிந்தது. மெயின் ரோடு வரை நடந்து, ஆட்டோ.

பாலம் முழுக்க ஓரமாகக் கார்கள். இவர் பானெட்டைத் திறந்தார். பாட்டரி பக்கத்தில் செம்பட்டை முடி ஒரு கொத்து. ரத்தம் இல்லை. இவர் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் அழுது பார்த்ததில்லை.

சைக்கிளில் டீ விற்கிறவர் வந்தார். கேட்டேன்.

"செம்பட்டப் பூனையா? நேத்து இந்த வண்டி மேலதான்க்கா குந்திகினு இருந்துச்சு. வண்டி ஜில்லுனு ஆயிடுச்சு போல. அப்பால பின்னாடி புச்சா ஒரு வண்டி வந்து நின்னுச்சு, அதுக்குள்ள பூந்துக்கிச்சு."

"எந்த வண்டிங்க?"

"இன்னா வண்டின்னு நான் இன்னாத்தக் கண்டேன்க்கா, இம்மாம் வண்டி கீது. காலைலேர்ந்து எல்லாம் எட்த்துனு போய்க்கினே கீறாங்க."

எங்கள் காருக்குப் பின்னால் இடம் காலி.

கிளம்புகிற கார் ஒவ்வொன்றாகக் கண்ணாடியைத் தட்டினேன். ஒருவர் இறங்கி பானெட்டைத் திறந்து காட்டினார். ஒரு அம்மா கண்ணாடியை இறக்கவே இல்லை. பள்ளிக்கரணை, நன்மங்கலம், வேளச்சேரி, எந்தத் திசை என்று சொல்வது. மதியத்துக்குள் முக்கால்வாசி போய்விட்டது.

நவ. 30, சனி

வெயில். துணி துவைத்தேன். வாட்ஸ்அப் குரூப்பில் மஞ்சு போட்டோ போட்டாயிற்று, ஏழெட்டு பேர் கும்பிடு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். நித்யாவிடம் சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டாள்.

சாயங்காலம் இவர் என்னையும் கூட்டிக்கொண்டு காரில் மறுபடி பாலத்துக்கு. ஒரு கார்கூட இல்லை, வெறும் ரோடு. அதே இடத்தில் ஓரங்கட்டினார். சாவியைத் திருப்பவில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. பின்னால் பஸ் ஹாரன்.

"பெட்ரோல் போகுதுங்க. ஆஃப் பண்ணுங்க."

"சூடு ஆறிட்டா எப்படி வரும்?" என்றார்.