வலி தெரியாத நாடகம்

அன்புள்ள அத்தைக்கு உங்கள் மருமகள் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் சுகம்தான்.

நான் பெருக்கும் கல்லூரியில் மாணவர்களுக்கு அயல்மொழி நாடகப் போட்டி வைத்தார்கள். இங்கே நம் தமிழும் அயல்மொழிதான். என்னைத் திரைக் கயிறு பிடிக்கச் சொன்னார்கள். காட்டில் தொலைந்துபோனவளாக நடித்த பெண், "அம்மா, எனக்கு வழி தெரியல" என்று அழ வேண்டும். அவளுக்கு 'ழ' வரவில்லை. "அம்மா, எனக்கு வலி தெரியல, வலியே தெரியல" என்று தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு வந்த சிரிப்பில் கயிறு கை நழுவி, பாதி நாடகத்தில் திரை விழுந்துவிட்டது. வேலை போச்சு என்று நினைத்தேன். நாடகம் முடிந்ததாக எண்ணி எல்லோரும் கை தட்டினார்கள்.

அந்தப் பெண் ஓடி வந்து, "அக்கா, உங்க கண்ணுல தண்ணி. அவ்ளோ நல்லாவா அலுதேன்?" என்றாள்.

"ஆமாம்மா" என்றேன். இரண்டாம் பரிசு கிடைத்தது.

உங்கள் பிள்ளை நம்மை விட்டுப் போன பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள் அத்தை, உங்களிடம் மறைக்க மனசு வரவில்லை.

அடுத்த போட்டிக்குப் புடவை ஒன்று வேண்டுமாம். நீங்கள் கட்டுவதில் ஒன்றை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நான் மெதுவாகத் துவைத்துக்கொள்கிறேன்.

மணி அடித்துவிட்டது, வாளியை எடுக்க வேண்டும். உங்கள் முழங்காலுக்கும் வலி தெரியாமல் இருக்கட்டும்.

உங்கள் மருமகள்