எலும்புக்கு ஐந்து சொட்டு

சார்ஜா

அன்புள்ள மாரீஸ்வரிக்கு,

முதலில் வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன்: குண்டூசி மாதிரி ஒரு ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்துவிட்டேன். போனில் சொன்னால் அறையே கேட்டுச் சிரிக்கும். அதனால்தான் ஊருக்கு வரும் அருண்பாண்டியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன். நீயும் அத்தையும் சுகந்தானே? திராட்சைக்கு மருந்தடித்தாயிற்றா?

குடோன் படியில் நான் வழுக்கி விழுந்ததிலிருந்து, "எலும்பைச் சோதிச்சுப் பாருங்க, சத்தில்லேன்னா அங்கன இருக்க வேணாம், கிளம்பி வந்துருங்க" என்று நச்சரித்தாயே, அதற்காக மருந்துக்கடையில் ஒரு பெட்டி வாங்கினேன். நாமே விரலில் குத்தி, அட்டையில் ஐந்து சொட்டு ரத்தம் விட்டு அனுப்பினால், எலும்புக்கு வேண்டிய வைட்டமின் டி இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்களாம்.

என்னோடு தங்கியிருக்கும் மகிழன் ஊசியை எடுத்தான். "ஏலே, மெதுவா" என்றது வரை நினைவிருக்கிறது. கண் திறந்தால் முகமெல்லாம் தண்ணீர். "அண்ணே, ஊருல கிடா வெட்டுன ஆளா நீங்க?" என்கிறான். சின்னமனூர்க்காரன், வாய்க்குப் பூட்டே கிடையாது. அட்டை அன்றைக்கே சோதனைக்குப் போய்விட்டது.

நேற்று முடிவு வந்தது. குறையே இல்லையாம். அதனால் கவலைப்படாதே, இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்லி முதலாளி நீட்டிய காகிதத்தில் அடுத்த மாதம் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

அருண்பாண்டி திரும்பும்போது முட்டிக்குத் தேய்க்கிற எண்ணெய் கொடுத்தனுப்பு. காலையில் தோட்டத்து மோட்டாரைப் போட்டதும் ஒரு தரம் கூப்பிடு. பேச நேரமில்லாவிட்டாலும் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கட்டும்.

அருண்பாண்டிக்கு வண்டி வந்துவிட்டது, முடிக்கிறேன்.

உன் கர்ணன்

ஒன்றை எழுத விட்டுவிட்டேன். நான் மயங்கிக் கிடந்தபோது, பெட்டி வீணாகிவிடுமே என்று மகிழன் தன் விரலைக் குத்திக்கொண்டான். அவனுக்கு வயது இருபத்துமூன்று.