கப்பலுக்கு என்ன ஆயிற்று?

இன்று காலை சோரியாங்குப்பத்தில் கரும்பு வண்டியின் மேல் உட்கார்ந்திருந்த ஒரு வாலிபன், இங்கிலீஷ் பாடம் ஒன்றை உரக்க ஒப்பித்துக்கொண்டு போனான். அதே கப்பல் பாடம். மாலுமி புறப்படுகிறான், புயல் அடிக்கிறது, கப்பல் பாறையில் மோதி மூழ்குகிறது, அவன் நீந்திக் கரையேறி வீட்டில் சூப் குடிக்கிறான். பரீட்சைக்கு இன்னும் அதைத்தான் வாசிக்கிறார்களாம். நீ இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. உன்னிடம் சொல்ல முடியாமல் போன முதல் செய்தி இது.

நம் ஊர் அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில்; பள்ளியில் சொல்லிக் கொடுத்தது பிரெஞ்சு. வேலை இருந்ததோ ஆற்றுக்கு அக்கரையில், இங்கிலீஷ்காரன் பக்கம், இங்கிலீஷில். கடலூரில் ரயில்வே குமாஸ்தா இடம் ஒன்று காலியாக இருந்தது; அதற்கு இங்கிலீஷ் பரீட்சை எழுத வேண்டும். உனக்கு வயது வரம்பு முடிகிற வருஷம். உன் அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார்: "பாஸானா ரயிலு, இல்லன்னா கரும்பு. நடுவுல ஒண்ணும் கெடையாது."

நீ இங்கிலீஷ் கற்றது ஆற்றங்கரை எல்லைச் சுங்கச்சாவடியில். வண்டியை மறித்துத் துரை திட்டும்போது மற்றவர்கள் தலையைக் குனிந்தார்கள். நீ காதைக் கொடுத்தாய். நான் பரீட்சைக்கான பாடப் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன்.

வாசிப்புத் தேர்வில் நீ பாதியில் சிரித்துவிட்டாய். அது சிரிக்க வேண்டிய இடம் என்பது எனக்குப் பிறகு நீ சொல்லித்தான் தெரியும். தேர்வாளர் சிரிப்புக்காக மதிப்பெண்ணைக் குறைத்தார். நான் மூச்சு விடாமல் வாசித்தேன். பாராட்டினார்.

அடுத்தது கேட்டல் தேர்வு. அவர் கப்பல் பாடத்தை ஒருமுறை வாசித்தார். பிறகு பலகையில் கேள்வி எழுதினார்: கப்பலுக்கு என்ன ஆயிற்று? எல்லோரும் பாறையில் மோதி மூழ்கியது என்று எழுதினோம். நீ மட்டும் 'அதை வாசிக்கவில்லை' என்று எழுதினாய். எனக்கு அன்று கடும் சளி, இரண்டு காதும் அடைத்திருந்தன. கேட்டலில் முதல் மதிப்பெண் எனக்கு. உனக்குச் சுழி.

முடிவு வந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு தேர்வாளரிடம் போனாய்.

"ஐயா, நடுவுல ஒரு பக்கம் நீங்க படிக்கலீங்க. புயல் அடிச்சுது, ஒடனே அவன் சூப்பு குடிச்சான்."

அவர் புத்தகத்தை எடுத்தார். இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. நகத்தால் பிரித்து, நிதானமாக வாசித்துப் பார்த்தார்.

"பாறை இருக்குது, மோதறதும் இருக்குது. இன்னா இல்லன்ற?"

"புக்குல இருக்குதுங்க. அன்னிக்கு உங்க வாயில வரலீங்க."

"மத்தவனுக்கெல்லாம் கேட்டுச்சே?"

நீ என் பக்கம் திரும்பினாய். "நீ சொல்றா."

"எனக்குக் காது அடைச்சிருந்திச்சுடா."

"பாத்தியா?" என்றார் தேர்வாளர். "காது அடைச்சவனுக்கே கேட்டிருக்குது."

திரும்பி வரும்போது ஆற்று மணலில் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "உனக்கும் அந்தப் பாடம் மனப்பாடந்தானடா? அந்த ஒரு வரிய எழுதிட்டுப் போனா இன்னா?"

"கேக்காதத கேட்டன்னு எழுதறதுக்கு இங்கிலீஷு எதுக்குடா? அந்தப் பொய்யத் தமிழ்லயே சொல்லிட்டுப் போறேன்."

மறுநாள் கரும்புக் கொல்லையில் இறங்கினாய். கடைசி வரை அங்கேதான் இருந்தாய். வேலை எனக்கு வந்தது. அந்தத் தேர்வு எதைத்தான் சோதித்தது என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். விடை கிடைக்காத எரிச்சல் மட்டும் மிச்சம்.

ரயில் நிலையத்தில் தொலைபேசி மணி அடிக்கிறது. அதிகாரி வேகமாக இங்கிலீஷில் ஏதோ உத்தரவு போடுகிறார். என்னோடு வேலை செய்பவர்கள் 'ஆகட்டும் சார்' என்று வைத்துவிட்டு, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று கூடிப் பேசி முடிவு செய்கிறார்கள். நான், காதில் விழாததை விழவில்லை என்று சொல்லி, மறுபடி சொல்லச் சொல்கிறேன். இங்கிலீஷ் தெரியாத ஆள் என்று மேலிடம் வரை எனக்குப் பெயர். அந்தப் பெயர் யாரிடமிருந்து எனக்கு வந்தது என்று இங்கே ஒருவருக்கும் தெரியாது.