வெறும் வயிற்றில் போட்ட பிரஷர் குளிசை

என் அன்புள்ள அப்பாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். என் பிழையையும் ஒளிக்க மாட்டேன்.

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலரில், கந்தசஷ்டி விரதமிருந்தவரை முருகன் அழைத்துக்கொண்டான் என்று பெரியப்பா அச்சடித்திருந்தார். அந்தப் புத்தகத்தை நான் தொடுவதில்லை. உங்களைக் கொண்டுபோனது முருகன் இல்லை அப்பா, உங்கள் பிடிவாதம்.

கிளிநொச்சிக்கு மருந்தெடுக்க நானும் உங்களோடு வந்தேனே. டொக்டர் என்ன சொன்னார்? இந்தக் குளிசை உடம்பிலுள்ள நீரை இறக்கித்தான் பிரஷரைக் குறைக்கும். சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருந்தால் பிரஷர் அளவுக்கு மீறி இறங்கிவிடும். எழும்பும்போது தலை சுற்றி விழுவீர்கள். விரதமென்றால் முதலில் வந்து கேளுங்கள் என்றார். நல்ல பிள்ளைபோலத் தலையாட்டினீர்கள். பஸ்ஸில் ஏறியதும், "கொம்மாவுக்கு இதைச் சொல்லிப்போடாதை. விரதத்தை விடச் சொல்லுவா" என்றீர்கள்.

நான் சொல்லவில்லை.

விரதத்தின் நாலாம் நாள் காலை, அன்றைக்குரிய நாலு மிளகும் ஒரு மிடறு தண்ணீருமாகக் குளிசையை விழுங்கிவிட்டு வயலுக்குப் போனீர்கள். வாய்க்கால் கரையில் குந்தியிருந்து மண் அள்ளிப் போட்டவர் சடக்கென்று எழும்பினார், அப்படியே வாய்க்காலுக்குள் குப்புற விழுந்தார் என்று தூரத்தில் நின்று பார்த்தவர்கள் சொன்னார்கள். முழங்காலளவு தண்ணீர். அதற்குள் வயலிலேயே வளர்ந்த ஒரு கமக்காரன் சாகலாமா அப்பா?

இப்போது அம்மாவுக்கும் பிரஷர். அதே குளிசை. போன வருடம் உங்கள் ஆண்டுத் திவசம் முடியவில்லையென்று அவர் விரதம் பிடிக்கவில்லை. நாளை தொடங்கும் விரதத்துக்கு அம்மாவின் பெயரைக் கோயிலில் கொடுத்துவிட்டு, இன்று பொழுதுபட பெரியப்பா வந்தார். தன் தம்பி போன வழியில் அம்மாவும் போக வேண்டுமாம். என்னால் பொறுக்க முடியவில்லை. டொக்டர் சொன்னதையெல்லாம் அவர் முன்னாலேயே சொன்னேன்.

"நாலெழுத்துப் படிச்ச உடனை சாமியோடை வழக்காடுறா" என்று பெரியப்பா சிரித்தார்.

அம்மா என்னைத்தான் பார்த்தார். "உனக்கு அப்பவே தெரியுமோடி?"

"ஓம்."

"இவ்வளவு நாளும் என்னோடை ஒரே பாயிலைதானே படுத்தனீ."

பிறகு பெரியப்பாவிடம், "என்ரை பேரை வெட்டிவிடுங்கோ அத்தான்" என்றார். அதற்குப் பிறகு என்னோடு ஒரு கதையும் இல்லை. நீங்கள் விழுந்தீர்கள், போய்விட்டீர்கள். அம்மாவின் முகத்தை இனி நான்தானே பார்க்க வேண்டும்?

அவர் பேசாவிட்டாலும், தினமும் குளிசை எடுக்கும் நேரத்தில் கஞ்சிக் கோப்பையோடு பக்கத்தில் நிற்பேன். இது சத்தியம். உங்களை மன்னிப்பேன் என்று மட்டும் இன்றைக்குச் சொல்ல முடியாது.

நீங்கள் சொன்னதைக் கேட்ட மூத்த மகள்,
வதனி

இன்னும் எழுத இருந்தது. அம்மா வந்து லாம்பை நூர்த்துவிட்டார்; இந்த வரியை இருட்டில்தான் எழுதுகிறேன்.