மூன்றாம் சுவட்டில் புல் முளைக்கவில்லை

அன்புவழிபுரம்,
திருகோணமலை.
21.09.2025

என் அன்பு மகள் தேனுகாவுக்கு,

நானும் அப்பாவும் இங்கே சுகம், நீயும் மருமகனும் அங்கே குளிர் தொடங்குமுன் இருமல் காய்ச்சல் ஒன்றும் அண்டாமல் இருக்கவேண்டுமென்று காளி அம்மனிடம் கேட்டுக்கொண்டே இதை எழுதத் தொடங்குகிறேன். அப்பாவுக்கு முழங்கால் நோ கொஞ்சம் குறைவு, ஆனால் மருந்தை நேரத்துக்குப் போடமாட்டார். வளவுக்குள் மான் வந்து செவ்வரத்தங் குருத்து முழுவதையும் தின்றுவிட்டுப் போகிறது, அவர் கதிரையில் இருந்தபடியே அதோடு சண்டை பிடிக்கிறார், மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் தின்கிறது. பக்கத்து வீட்டுத் துவாரகன் வருகிற கிழமை ரொறன்ரோ வருகிறான், அவனிடம் இதையும் மிளகாய்த்தூளையும் கொடுத்துவிடுகிறேன். ரெலிபோனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று யோசிப்பாய். மைதானம் என்ற சொல் வந்ததும் நீ வேறு கதைக்குப் போய்விடுவாய் மகள், ஒன்பது வருசமாக அப்படித்தான், நானும் விட்டுவிடுவேன். கடிதத்தை நடுவில் வெட்ட ஏலாது. ஆறுதலாக இருந்து வாசி.

எங்கள் சமூகக் கல்லூரியில் ஓட்டப் பிரிவை மூடப்போகிறார்கள் என்று ஆவணி தொடக்கத்தில் கதை வந்தது. பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டு, கணக்குப் பகுதியில் பழைய ஆள் நீங்கள்தானே, ஒரு பிள்ளைக்கு வருசம் எவ்வளவு செலவாகிறது என்று காட்டி ஒரு அறிக்கை எழுதுங்கள், அதை வைத்துச் சபையில் மூடிவிடலாம் என்றார். பெண்கள் அணியில் ஆறு பேர்தான் மிச்சம். பால், முட்டை, சப்பாத்து, பஸ் காசு எல்லாம் கூட்டிக்கொண்டு வரும்போது ஒரு புது வவுச்சர் கண்ணில் பட்டது, ஏழாவது ஓட்டச் சுவடு போடுவதற்குச் சுண்ணாம்பு என்று இருந்தது. மைதானத்தில் ஏற்கெனவே ஆறு சுவடு இருக்கிறது, ஓடுகிற பிள்ளைகளும் ஆறு பேர், ஆளுக்கொரு சுவடு, பிறகு ஏழாவது யாருக்கு? இதில் ஏதோ களவு இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன்.

பயிற்றுநர் சிந்துஜன் பாலையூற்றுப் பிள்ளை, வந்து இரண்டு வருசம்தான், பழைய கதை ஒன்றும் தெரியாது. கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, ரெண்டு மாசமா மூண்டாம் சுவட்டில ஒருத்தரும் ஓடமாட்டினமாம். பேசியும் பாத்தன், கெஞ்சியும் பாத்தன், ஏலாது எண்டுதுகள். அதுதான் வெளிப்பக்கமா ஒண்டு கூடப் போடுவம் எண்டு கேட்டனான்" என்றான். ஏன் என்று கேட்டேன். "அதில ஏற்கெனவே ஒராள் ஓடுதாம் அக்கா" என்றான். அவன் சிரிப்பான் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை.

அன்று பின்னேரம் நாலு மணிக்கு நானே மைதானத்துக்குப் போனேன். உன்னோடு ஓடின சுலோஜனா அங்கே விழுந்து செத்த பிறகு நான் அந்தப் பக்கம் கால் வைக்கவில்லை, உனக்குத் தெரியும். நல்ல வெயில், காற்றே இல்லை, உட்துறைமுகத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றினமாதிரிக் கிடந்தது. மூன்றாம் சுவட்டைக் குனிந்து பார்த்தேன். இரண்டு மாதமாக ஒரு பிள்ளையும் அதில் கால் வைக்கவில்லை என்றால் அங்கே புல் முளைத்திருக்கவேண்டும். மற்றச் சுவடுகளில் ஓரத்திலாவது பச்சை இருந்தது. இதில் ஒரு புல்கூட இல்லை, மண் தேய்ந்து, கால்பட்டுக் கால்பட்டு இறுகி, குசினி நிலம்போல மினுங்கியது.

கிண்ணியாவிலிருந்து வருகிற ரபீக்கா என்ற பிள்ளைதான் அணியில் கெட்டிக்காரி, இருபது வயது. அவளைத் தனியே கூப்பிட்டுக் கேட்டேன். "முதல் வளைவில ஒண்டுமில்ல ஆன்ட்டி. கடல் பக்க வளைவு வரக்க பக்கத்தில கால் சத்தம் கேக்கும். எங்களோட சரிசமனா வரும். பிறகு ஒரு மூச்சு இழுக்கிற சத்தம், அதோட நிண்டுரும்" என்றாள். பயமில்லையா என்றேன். பயம் பழகிவிட்டதாம். பிறகு சத்தத்தைக் குறைத்து, "இப்ப அந்த இடத்தில எனக்கும் நெஞ்சுக்குள்ள பிடிக்கிது ஆன்ட்டி, சேர்ட்ட சொல்லிராதீங்க" என்றாள். சுலோஜனா சம்பூரிலிருந்து படிக்க வந்தவள், இந்தப் பிள்ளைக்கு அவளுடைய பெயர்கூடத் தெரியாது.

ரபீக்காவை என் பக்கத்தில் நிற்பாட்டி வைத்துவிட்டு, மற்ற ஐந்து பேரையும் ஒரு சுற்று ஓடவிடச் சிந்துஜனிடம் சொன்னேன். நான் கடல் பக்க வளைவில் மதிலோடு நின்றேன். பிள்ளைகள் வந்தார்கள், ஒன்று, இரண்டு, நாலு, ஐந்து, ஆறு, மூன்றாம் சுவடு வெறுமையாக வந்தது. வெறுமையாகத்தான் வந்தது மகள், ஆனால் கால் சத்தம் அதிலும் வந்தது. எனக்கு நேரே வந்தபோது மூச்சுச் சத்தம் கேட்டது, உள்ளே இழுத்த மூச்சு, வெளியே விடவேயில்லை. ஐந்து பேரும் கடந்து போய்விட்டார்கள். மண்ணில் ஒரு தூசி மட்டும் எழும்பி, நின்ற இடத்திலேயே நின்று, மெல்ல அடங்கியது. மதிலைப் பிடித்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. ரபீக்கா என் கையைப் பிடித்து, "உங்களுக்கும் கேட்டதுதானே?" என்றாள். ஓம் என்றேன்.

இனி எழுதுவதை உனக்கு முன்பே சொல்லியிருக்கவேண்டும். சுலோஜனா அந்தக் கடல் பக்க வளைவில் விழுந்த வருசம், விளையாட்டுச் செலவு மதிப்பீட்டில் பிள்ளைகளுக்கு வைத்தியப் பரிசோதனை என்று ஒரு வரி இருந்தது, இருபத்தெட்டாயிரம் ரூபாய். விளையாட்டுப் போட்டிக்கு வருகிற விருந்தினருக்குக் கூடாரம் போடக் காசு காணாது, எங்கேயாவது வெட்டுங்கள் என்று அப்போதிருந்த பணிப்பாளர் சொன்னார். எங்கே வெட்டுவது என்று அவர் சொல்லவில்லை. அந்த வரியைத் தெரிந்தெடுத்தது நான். சிவப்புப் பேனையால் ஒரு கோடு, அவ்வளவுதான். ஓட்டத்துக்கு முன் அவள் என்னிடம் வந்து நெஞ்சு ஒருமாதிரி இருக்கிறது ஆன்ட்டி என்றபோது, வெயிலுக்கு அப்படித்தான், தண்ணீர் குடி பிள்ளை என்று அனுப்பினதும் நான்தான். ஒரு ஈசிஜி எடுத்திருந்தால் பிடிபட்டிருக்கும் என்று பிறகு டொக்டர் சொன்னார். நீயும் நானும் தூக்கிக்கொண்டு ஓடி அவளைக் கிடத்தினோமே, அந்த நிழல், அது அந்தக் கூடாரத்தின் நிழல். நீ அதன் பிறகு ஓடவில்லை, ஊரிலேயே இருக்கப் பிடிக்கவில்லை என்று போனாய். நான் ஒன்றும் சொல்லாமல் உன் பெட்டியை அடுக்கித் தந்தேன்.

அடுத்த நாள் பணிப்பாளரிடம் போய், ஆறு பிள்ளைகளுக்கும் ஈசிஜி எடுக்காமல் நான் இந்த அறிக்கையில் கையெழுத்து வைக்கமாட்டேன் என்றேன். மூடப்போகிற பிரிவுக்கு என்ன பரிசோதனை, அதற்கு ஒதுக்கீடு இல்லை என்றார். ஏழாவது சுவட்டுச் சுண்ணாம்புக் காசு இருக்கிறது என்றேன். என் முகத்தில் எதைக் கண்டாரோ, கையெழுத்து வைத்தார். ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. ரபீக்காவுக்கு இருந்தது. சுலோஜனாவுக்கு இருந்த அதே பழுது, பிறப்பிலேயே வந்தது, மருந்தோடு சுகமாக இருக்கலாம், ஆனால் ஓட ஏலாது. காப்பாற்றியதற்கு அவள் நன்றி சொன்னாள் என்று நினைக்காதே. "ஓடாத எண்டு சொல்ல நீங்க யாரு?" என்று கத்திவிட்டுப் போனவள், ஒன்பது நாள் கல்லூரிக்கே வரவில்லை. அவளுடைய உம்மா றம்ஸியாதான் வந்து என் கதிரைக்கு முன்னால் நின்று அழுதா.

சபைக் கூட்டத்தில் அறிக்கையை நானே வாசித்தேன். செலவுக் கணக்கோடு, அந்த வருசத்துச் சிவப்புக் கோட்டையும் எழுதியிருந்தேன், வெட்டினது என் கை என்றும் எழுதியிருந்தேன். கால் சத்தத்தை எழுதவில்லை, அது அவர்களுக்கு உரியதல்ல. ஒருவர் இருமினார், இன்னொருவர் இது கூட்டக் குறிப்பில் வரத் தேவையில்லை என்றார். வரவேண்டும் என்றேன். பிரிவை ஒரு வருசத்துக்கு மூடுவதில்லை, பரிசோதனை முடித்துத்தான் மற்றச் செலவு என்று முடிவாயிற்று. எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, பென்சன் பிந்தலாம். அப்பாவுக்குச் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு, இவ்வளவு காலமும் இதை வைத்துக்கொண்டா பக்கத்தில் படுத்தனீர் என்றார், பிறகு தேத்தண்ணி ஊற்றித் தந்தார்.

சம்பூருக்கும் போனேன். சுலோஜனாவின் அப்பா பாக்கியரத்தினம் வெங்காயப் பாத்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார், வரம்பிலேயே இருத்திவைத்து நான் செய்தது எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவார், அடிக்கக் கையோங்கினாலும் பொறுப்பது என்று நினைத்துத்தான் போனேன். அவர் மண்வெட்டியைப் பார்த்தபடி, "நெஞ்சு நோகுது எண்டு எனக்கும் ரெண்டு தரம் சொன்னவ. ஓடினால் சரியாகும் எண்டு நான்தான் சொன்னனான்" என்றார். எழும்பும்போது, நான் கால் சத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமலிருக்க, "பிள்ளை இன்னும் அந்த வளைவிலதானோ நிக்கிறா?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். "முடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டா, சின்னனிலயிருந்து அப்பிடித்தான்" என்றுவிட்டு வாய்க்காலைத் திருப்பப் போய்விட்டார்.

போன வெள்ளிக்கிழமை ரபீக்கா திரும்பி வந்தாள். என்னோடு முகம் கொடுக்கவில்லை, சிந்துஜனிடம் நேரம் எடுக்கிற கடிகாரத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு முடிவுக் கோட்டில் நின்றாள். நானும் தள்ளி நின்றேன். ஐந்து பேர் ஓடினார்கள். கடல் பக்க வளைவில் நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன், அந்த மூச்சு நிற்கும் என்று. நிற்கவில்லை மகள். வெளியே விட்ட மூச்சும் கேட்டது, அதன் பிறகும் கால் சத்தம் கேட்டது, நேர்ப்பாதை முழுவதும் கேட்டது. ரபீக்கா ஓடி வந்து கடிகாரத்தை என் கையில் வைத்தாள். "அஞ்சு பேர்தான் ஓடின ஆன்ட்டி. ஆனா ஆறு தரம் அமத்தினேன். கோட்டத் தாண்டின சத்தம் கேட்டது, கை தானா அமத்திட்டுது" என்றாள். பார்த்தேன், ஆறு நேரம் இருந்தது. மூன்றாவதாக வந்த நேரத்துக்கு ஆள் இல்லை. ஒரு நிமிடம் மூன்று விநாடி, நாற்பத்தொன்று. எனக்குக் காசுக் கணக்குத்தான் தெரியும், ஓடுகிறவர்களின் நேரம் தெரியாது. நீ அவளோடு இரண்டு வருசம் ஓடினவள். அது அவளுடைய நேரம்தானா என்று உனக்குத்தான் தெரியும்.

காளி அம்மன் உன்னையும் மருமகனையும் எந்த நேரமும் பார்த்துக்கொள்வாள், நூறு வருசம் நன்றாக இருங்கள். மறக்காமல் நீயும் அங்கே ஒரு ஈசிஜி எடு. பாக்கியரத்தினத்தாரின் நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன், உன்னைக் கேட்டவர், எடுத்துக் கதை. என்னோடு கோபம் என்றால் கோபத்தோடேயே எனக்கும் எடு, நான் ரெலிபோனை வைக்கமாட்டேன்.

உன் அம்மா,
வீரசிங்கம் வள்ளிநாயகி